நெட்வொர்க் ஸ்டோரேஜ் சர்வர் ஆமை வேகத்தில் போகிறதா? எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோரேஜ் சர்வர் ஒன்றில் ஃபைல் காப்பி நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான்கு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பிக்கும்படி வைக்கும் ரெய்டு 5 முறை. அதில் ஒரு டிஸ்க் மற்றவற்றைவிடப் பழையது என்பதால், யோசிக்காமல் பழியை அதன் தலையில் போட்டு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப நிரப்பும் ரீபில்டு முடிய ஒன்றரை நாள். முடிந்ததும் ஆசையாகக் காப்பி செய்து பார்த்தால், அதே 11. கடைசியில் பார்த்தால் கேபிள். ஈத்தர்நெட் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒரு ஜோடி போயிருந்தது. கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும், அதனால் நெட்வொர்க் கார்டு யாரிடமும் சொல்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நூறை எட்டால் வகுத்தால் 12.5, அதில் பாக்கெட் சுமை போக 11 சொச்சம். அந்த எண்ணே விலாசத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் பிடித்துக்கொண்ட முறைதான் இது. எதையும் வாங்காமல், எந்த செட்டிங்கையும் மாற்றாமல், முதலில் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக அளப்பது. டிஸ்க், ரெய்டு, ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், அதன்மேல் ஓடும் எஸ்எம்பி அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் முறைகள்) என்று ஐந்து அடுக்கு இருக்கிறது. ஐந்தையும் சேர்த்து ஒரே காப்பியில் அளந்தால் எது இடிக்கிறது என்று எந்தக் காலத்திலும் தெரியாது. கீழே சொல்வதெல்லாம் லினக்ஸ் ஓடும் சர்வரை மனதில் வைத்து எழுதியது. கடையில் வாங்கிய நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிகள் பெரும்பாலும் உள்ளுக்குள் லினக்ஸ்தான், எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கமாண்டு கொடுக்கும் முறை) வழியாக உள்ளே போக முடிந்தால் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

படி 1: "மெதுவு" என்றால் என்ன மெதுவு?

மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த வேலை மெதுவு என்பதுதான். பத்து ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்வது மெதுவா, ஐம்பதாயிரம் சின்னச் சின்ன ஃபைல்களைக் காப்பி செய்வது மெதுவா, ஃபோல்டரைத் திறந்தால் பட்டியல் வரவே நேரமாகிறதா? மூன்றும் வெவ்வேறு நோய். முதலாவது மொத்த வேகம் சம்பந்தப்பட்டது. இரண்டாவதும் மூன்றாவதும், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் மிகப் பெரிது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. தலை அங்கே நகர்ந்து போக இன்னும் ஒரு எட்டு மில்லிநொடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு தாவலுக்கு 12 மில்லிநொடி, நொடிக்கு எண்பது தாவல் அளவில்தான் முடியும். ஒவ்வொரு தாவலிலும் 4 கிலோபைட் படித்தால் நொடிக்கு 320 கிலோபைட். அதே டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 150, 200 மெகாபைட் கொடுக்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அப்படி. இதைத் தெரிந்துகொள்ளாமல் "பெட்டியில் 200 என்று போட்டிருந்தது, எனக்கு அரை மெகாபைட்தான் வருகிறது" என்று புலம்புபவர்கள் நிறைய.

அப்புறம் இன்னும் சில கேள்விகள்: எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் மெதுவா, ஒன்றிலிருந்து மட்டுமா? படிப்பது மெதுவா, எழுதுவதா? எப்போதுமா, குறிப்பிட்ட நேரத்திலா? நேற்றுவரை நன்றாக இருந்து இன்று கெட்டதா, முதல் நாளிலிருந்தே இப்படியா? பதில்களை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மெதுவு என்றால் சர்வரைத் திறக்கவே வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரையும் அதன் கேபிளையும் பாருங்கள்.

சில எண்களைப் பார்த்த உடனேயே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். 11 அல்லது 12 மெகாபைட்டில் தட்டையாக நின்றால் 100 மெகாபிட் இணைப்பு. 110 முதல் 118 வரை போய் நின்றால் அது கிகாபிட்டின் கூரை, உங்கள் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குமேல் வேண்டும் என்றால் 2.5 அல்லது 10 கிகாபிட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் சில ஜிபி 110இல் ஓடி, பிறகு 30க்கும் 40க்கும் விழுந்தால் முதலில் நீங்கள் பார்த்தது சர்வரின் ரேம், பிறகு பார்ப்பதுதான் டிஸ்க்கின் உண்மை முகம். எப்போதும் நன்றாக ஓடி, காலையில் முதல் தடவை திறக்கும்போது மட்டும் பத்து நொடி உறைந்தால், டிஸ்க் தூங்கப் போயிருக்கிறது, அவ்வளவுதான். தூங்கும் நேரத்தை நீட்டினால் போதும்.

படி 2: நெட்வொர்க்கை மட்டும் தனியாக அளப்பது

டிஸ்க் கோளாறு என்று நினைத்து வந்தவரை நெட்வொர்க்கில் தொடங்கச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். இது இரண்டு நிமிட வேலை, அதனால்தான்.

சர்வரிலும் உங்கள் கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிறுவுங்கள். சர்வரில் அதைக் காத்திருக்கும் நிலையில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அதன் ஐபி முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். டிஸ்க் இதில் வருவதே இல்லை, ரேமிலிருந்து ரேமுக்குத் தரவு போகிறது. கிகாபிட்டில் 940 மெகாபிட் அளவில் வந்தால் நெட்வொர்க் சுத்தம். அதோடு விட்டுவிடாமல் பெரிய எழுத்து ஆர் ஆப்ஷனைப் போட்டு எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 940ம் மறுபக்கம் 200ம் வந்த சர்வரை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் அளந்திருந்தால் அன்றைக்கு முழுக்க வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பேன்.

எண் குறைவாக வந்தால் ஈத்டூல் கமாண்டுக்கு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுங்கள். வேகம் 1000, டூப்ளெக்ஸ் ஃபுல் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் போகும்) என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகுங்கள். அதே ஈத்டூலில் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷன் பிழை எண்ணிக்கைகளைக் காட்டும். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்) காப்பி செய்யச் செய்ய ஏறிக்கொண்டே போனால் அதுவும் கேபிள் அல்லது போர்ட்தான். வைஃபையில் இருந்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எண் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இரண்டு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று, இரண்டு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டினால் காப்பி இரண்டு மடங்கு வேகமாகும் என்ற நம்பிக்கை. ஆகாது. வழக்கமான லிங்க் அக்ரிகேஷனில் ஒரு இணைப்பு ஒரு கம்பி வழியாகத்தான் போகும், பல பேர் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் இரண்டாவது கம்பிக்கு வேலை. ஒரே காப்பியை இரண்டு கம்பியிலும் பிரித்து அனுப்புவது எஸ்எம்பி மல்டிசேனல், அது வேறு. இன்னொன்று ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் பெரிய பாக்கெட். எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) 9000 ஆக்கினால் சர்வர், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூன்றிலும் ஆக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சின்ன ஃபைல் எல்லாம் போகும், பெரிய ஃபைல் நடுவில் நின்று நின்று போகும், பைத்தியம் பிடிக்கும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள். 9000இல் ஐபி தலைப்புக்கு 20ம் ஐசிஎம்பிக்கு 8ம் போக மிச்சம்தான் அந்த 8972. பதில் வரவில்லையென்றால் வழியில் யாரோ 1500இல் இருக்கிறார். கிகாபிட்டில் ஜம்போவால் கிடைக்கும் லாபம் சொற்பம், சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் 1500க்கே திருப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

படி 3: டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது

நெட்வொர்க் தப்பித்துவிட்டால் இனி எல்லாம் சர்வருக்குள்ளே. மெதுவான அந்த வேலையை ஓடவிட்டு, சர்வரில் ஐஓஸ்டாட் கமாண்டை எக்ஸ் ஆப்ஷனோடு, இரண்டு நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும்படி ஓட்டுங்கள். நிறைய நெடுவரிசை வரும், பயப்பட வேண்டாம். மூன்றே போதும்: படிக்கக் காத்திருக்கும் நேரம், எழுதக் காத்திருக்கும் நேரம் (இரண்டும் அவெய்ட் என்று முடியும்), கடைசியில் இருக்கும் யூட்டில் சதவீதம்.

பார்க்க வேண்டியது ஒற்றை எண்ணை அல்ல, டிஸ்க்குகளுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை. ரெய்டில் இருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி உழைக்க வேண்டும். மூன்று டிஸ்க் 15 மில்லிநொடியில் பதில் சொல்லி, ஒன்று மட்டும் 300 மில்லிநொடி எடுத்துக்கொண்டு 100 சதவீதத்தில் தொங்கினால், ஆள் அகப்பட்டுவிட்டான். ரெய்டு 5, 6இல் ஒரு பட்டையை (எல்லா டிஸ்க்கிலும் பரவி எழுதும் தரவுத் துண்டை) முழுதாக எழுதி முடிக்க எல்லா டிஸ்க்கும் முடிக்க வேண்டும், அதனால் மொத்தக் கூட்டமும் கடைசி ஆளின் நடைக்குத்தான் நடக்கும். எல்லா டிஸ்க்கும் சமமாக 100இல் இருந்தால் டிஸ்க்கில் குறை இல்லை, வேலை அதிகம், படி 5க்குப் போங்கள். எல்லாமே 10, 20 சதவீதத்தில் சும்மா இருந்தும் காப்பி மெதுவாக இருந்தால் இடிப்பது டிஸ்க்கில் இல்லை, மேலே எங்கோ.

சந்தேகப்பட்ட டிஸ்க்கை, அதன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு பாருங்கள். "பாஸ்டு" என்று மேலே போட்டிருப்பதை நம்பாதீர்கள், சாகப்போகிற டிஸ்க்கும் அப்படித்தான் சொல்லும். கீழே உள்ள பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண் கொண்ட வரிகளின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்), 197 படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. 197 பூச்சியமாக இல்லையென்றால் வேக ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு பேக்கப் எடுங்கள். முதலில் பேக்கப், பிறகுதான் டிஸ்க் மாற்றுவது, இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

199ஆம் வரி தனிக் கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகும்போது தரவு சிதைந்ததை எண்ணுவது அது, பெரும்பாலும் சேட்டா கேபிள் அல்லது செருகும் இடம்தான் காரணம். இது ஏறினால் ஏறியதுதான், கேபிளை மாற்றினாலும் பூச்சியத்துக்குத் திரும்பாது. அதனால் இப்போதைய எண்ணைக் குறித்து வைத்து, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதே எண் என்றால் பிரச்சினை தீர்ந்தது. ஆயிரம் என்று பார்த்த உடனே நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

டெஸ்க்டாப் டிஸ்க்கை ரெய்டில் போட்டிருந்தால் இன்னொரு சங்கடம். படிக்க முடியாத செக்டர் ஒன்று வந்தால் அது விடாமல் மறுபடி மறுபடி முயலும், சில சமயம் நிமிடக்கணக்கில். அதுவரை சர்வரே உறைந்து நிற்கும். நாஸுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டு, ரெய்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே ரீசெட் செய்யும், டிமெசேஜ் என்ற லினக்ஸின் பதிவில் அந்த வரிகளைப் பார்க்கலாம். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடிஇஆர்சி என்ற ஆப்ஷன் வழியாக இந்தப் பொறுமையின் அளவைப் பார்க்கவும், டிஸ்க் அனுமதித்தால் மாற்றவும் முடியும். பல டிஸ்க்குகளில் கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி வைக்க வேண்டும்.

இப்போது எஸ்எம்ஆர் என்ற டிஸ்க் வகை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிலும் பிழை காட்டாமல் மனிதரை அலைக்கழிப்பது இதுதான். ஓட்டுக் கூரையில் ஓடு மேல் ஓடு ஏறி உட்காருவதுபோல டிராக்குகளை (தட்டில் தரவு எழுதும் வட்டங்களை) ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதி, அதே தட்டில் அதிக இடம் பிடிப்பது இதன் தந்திரம். படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு துண்டை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்தடுத்த டிராக்குகளையும் சேர்த்து அந்தக் கட்டு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க டிஸ்க்குக்குள்ளேயே சாதாரண முறையில் எழுதும் ஒரு பகுதியை ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே போட்டுக்கொண்டு, சும்மா இருக்கும்போது ஒழுங்குபடுத்தும். அந்தப் பகுதி நிரம்பும்வரை எல்லாம் அமர்க்களமாகப் போகும். நிரம்பியது என்றால் வேகம் பாதாளத்தில் விழும், அரை மணி விட்டுப் பார்த்தால் மறுபடி நன்றாக ஓடும். நீங்கள் சோதிக்கும் நேரத்தில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சலே. ரெய்டு ரீபில்டில் இது இன்னும் மோசம், ஓய்வே கிடைக்காமல் நாள்கணக்கில் எழுத வேண்டியிருப்பதால் ரீபில்டு முடியாமலேயே டிஸ்க் வெளியே தள்ளப்படலாம்.

நாஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் எஸ்எம்ஆர் இருக்காது என்று நினைக்கவும் முடியாது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான மாடல்களில் சில எஸ்எம்ஆர் என்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் எது எது எஸ்எம்ஆர் என்று பட்டியல் கொடுத்து, சாதாரண முறை டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. உங்கள் டிஸ்க்கின் மாடல் எண்ணை ஸ்மார்ட்சிடிஎல்லில் பார்த்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆரா (சாதாரண முறை) எஸ்எம்ஆரா என்று சரிபாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. அதைக் கழற்றி, எப்போதாவது எழுதும் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்ல டிஸ்க்.

எஸ்எஸ்டியிலும் இதே நாடகம் உண்டு. மலிவான எஸ்எஸ்டிகள், முக்கியமாக ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகை, வேகமான ஒரு சின்னப் பகுதியில் முதலில் எழுதி, அது தீர்ந்ததும் ஹார்ட் டிஸ்க்கைவிடவும் கீழே போகக்கூடும்.

அதிர்வும் ஒரு காரணம்தான், நம்பச் சிரமமாக இருந்தாலும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முகத்துக்கு நேரே ஓங்கிக் கத்த, டிஸ்க்குகளின் காத்திருப்பு நேரம் ஏறியது திரையில் அப்படியே தெரிந்தது. நீங்கள் கத்த வேண்டாம். ஆனால் தளர்ந்த திருகு, ஆடும் விசிறி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த பெட்டி, இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 4: ஏமாறாமல் அளப்பது

டிடி கமாண்டில் பூச்சியங்களை எழுதி "எனக்கு நொடிக்கு 2 ஜிபி வருகிறது" என்று காட்டுபவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள். எழுதியது ரேமுக்குத்தான் போயிருக்கும், டிஸ்க்குக்கு இன்னும் போயிருக்காது. இசட்எஃப்எஸ் போல அமுக்கி எழுதும் ஃபைல் சிஸ்டம் என்றால் பூச்சியங்கள் அமுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும், டிஸ்க்குக்கு வேலையே இருக்காது.

எஃப்ஐஓ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். சோதனை ஃபைலின் அளவு சர்வரின் ரேமைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும், ரேமைத் தாண்டி நேராக டிஸ்க்குக்குப் போக டைரக்ட் ஆப்ஷன் 1 ஆக இருக்கட்டும். இரண்டு தடவை ஓட்டினால் போதும்: 1 எம்பி துண்டுகளாக வரிசையாக ஒரு முறை, 4 கே துண்டுகளாகத் தாறுமாறாக ஒரு முறை. முதலாவது நெட்வொர்க்கின் கூரையைத் தாண்டி வந்தால் பெரிய ஃபைல் காப்பிக்கு டிஸ்க் தடையில்லை. இரண்டாவது, மேலே சொன்ன எண்பது தாவல் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், ஒத்துப்போனால் டிஸ்க் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: எழுதும் சோதனையை எப்போதும் ஒரு ஃபைலின் மேல் செய்யுங்கள். டிஸ்க்கின் பெயரையே நேராகக் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கேட்கவும் செய்யாது.

படி 5: ரெய்டு

முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும், ப்ராக் ஃபோல்டரில் உள்ள எம்டிஸ்டாட் ஃபைலைத் திறந்து பாருங்கள், இசட்எஃப்எஸ் என்றால் இசட்பூல் ஸ்டேட்டஸ். ஒரு டிஸ்க் விழுந்து ரெய்டு நொண்டிக்கொண்டிருப்பதோ, ரீசிங்க் (டிஸ்க்குகளை மறுபடி ஒத்துப்போக வைப்பது) ஓடிக்கொண்டிருப்பதோ தெரியாமலே பல வாரம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். டெபியனில் ரெய்டு சரிபார்ப்பு மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் தானாகத் தொடங்கும், இசட்எஃப்எஸ்ஸின் அதே மாதிரியான சரிபார்ப்பு, ஸ்க்ரப், இரண்டாவது ஞாயிறு. "மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் மெதுவு" என்றால் காலண்டரைப் பாருங்கள். அதை நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

எழுதுவது மட்டும் மெதுவு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெய்டு 5இல் ஒரு சின்னத் துண்டை எழுத, பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியை (டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கை) படி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது என்று நான்கு வேலை. ரெய்டு 6இல் ஆறு. நான்கு டிஸ்க் சேர்ந்து நொடிக்கு 320 தாவல் தந்தாலும் ரெய்டு 5இல் கைக்கு வருவது 80 எழுதும் வேலைதான். ஒரு டிஸ்க்கின் வேகம்! டேட்டாபேஸோ விர்ச்சுவல் மெஷினோ இதன்மேல் ஓட்டினால் அழத்தான் வேண்டும், அதற்கு ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் ரெய்டு 10 அல்லது இசட்எஃப்எஸ் மிரர். இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு 5 போன்ற ரெய்டு-இசட்டிலும் ஒரு டிஸ்க் குழுவுக்கு ஏறக்குறைய ஒரு டிஸ்க்கின் தாவல் எண்ணிக்கைதான் கிடைக்கும், எத்தனை டிஸ்க் சேர்த்தாலும்.

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு 5, 6இல் ஸ்ட்ரைப் கேஷ் (பட்டைகளைச் சேர்த்து வைக்கும் ரேம் இடம்) அளவு தொடக்கத்தில் 256 என்றுதான் இருக்கும். 4096 ஆக்கினால் வரிசையாக எழுதுவது நன்றாகவே ஏறும். நான்கு டிஸ்க்குக்கு 64 மெகாபைட் ரேம் பிடிக்கும், இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தனி ரெய்டு கார்டு இருந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள், இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி செத்துவிட்டால் கார்டு பாதுகாப்புக்காக ரைட்-பேக் கேஷை (கார்டின் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பிறகு எழுதுவதை) நிறுத்திவிட்டு எழுத வரும் ஒவ்வொன்றையும் டிஸ்க் வரை காத்திருந்து எழுதும். நேற்றுவரை பறந்த சர்வர் இன்று காலை திடீரென்று எழுதுவதில் மட்டும் தவழ்ந்தால், எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

படி 6: ஃபைல் சிஸ்டம்

எவ்வளவு நிரம்பியிருக்கிறது? 90 சதவீதத்தைத் தாண்டினால் காலி இடம் துண்டு துண்டாகச் சிதறி, எழுத இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போல பழையதன்மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுபவற்றில் இது இன்னும் சீக்கிரம் தெரியும், 80ஐத் தாண்டவிடாமல் வைத்திருப்பது நல்லது. போதாததற்கு, ஹார்ட் டிஸ்க்கின் உள்வட்டங்கள் வெளிவட்டங்களைவிட ஏறக்குறைய பாதி வேகம்தான், நிரம்பிய டிஸ்க் இயல்பாகவே மெதுவாகும்.

இசட்எஃப்எஸ்ஸில் என்எஃப்எஸ் வழியாக எழுதுவது மட்டும் மெதுவாக இருந்தால் சிங்க் எழுதுதலைச் சந்தேகப்படுங்கள். "டிஸ்க்கில் பத்திரமாக எழுதிவிட்டேன்" என்ற உறுதி வரும்வரை என்எஃப்எஸ் காத்திருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு உறுதிக்கும் அந்த மில்லிநொடிகள். சோதனைக்கென்று ஒரு டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸுக்குள் ஒரு தனிப் பகுதி) உருவாக்கி, அதில் மட்டும் சிங்க்கை டிசேபிள் செய்து எழுதிப் பாருங்கள். ஐந்து, பத்து மடங்கு தாவினால் காரணம் அதுதான். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள், கரண்ட் போனால் எழுதிவிட்டதாகச் சொன்ன கடைசிச் சில நொடித் தரவு போய்விடும். சரியான தீர்வு ஸ்லாக் என்று சொல்லும் தனி எஸ்எஸ்டி, அதுவும் மின்தடையைத் தாங்கும் கெபாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி. சாதாரண எஸ்எஸ்டியை ஸ்லாக்காகப் போட்டால் வேகமும் பெரிதாக வராது, பாதுகாப்பும் இல்லை.

ஒரே தரவை இரண்டு தடவை சேமிக்காமல் தவிர்க்கும் டீடூப்ளிகேஷனை யாராவது ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதன் அட்டவணை ரேமில் அடங்காமல் போனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் டிஸ்க்கில் தேட வேண்டியிருக்கும். அதை ஆஃப் செய்தாலும் ஏற்கெனவே எழுதியது மாறாது, திரும்ப எழுதினால்தான் விடுதலை.

படி 7: பின்னணியில் யார் தின்கிறார்கள்?

ஐஓடாப் ஓட்டிப் பாருங்கள், எந்தப் புரோகிராம் டிஸ்க்கை இழுக்கிறது என்று பெயரோடு சொல்லும். வழக்கமான ஆட்கள்: படங்களுக்குச் சின்ன முன்னோட்டம் தயாரிக்கும் வேலை, மீடியா அட்டவணை, வைரஸ் ஸ்கேன், நள்ளிரவு பேக்கப் நள்ளிரவில் முடியாமல் காலை வரை ஓடுவது. ரேம் போதாமல், அதில் இருப்பது டிஸ்க்குக்கு ஸ்வாப் ஆகிக்கொண்டிருந்தால் அதுவும் டிஸ்க் வேகக் குறைவு போலவே தெரியும்.

படி 8: எஸ்எம்பி, என்எஃப்எஸ், சின்ன ஃபைல்கள்

டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது, நெட்வொர்க்கும் 940, ஆனால் காப்பி மட்டும் மெதுவு. அப்படியானால் நடுவில் இருக்கும் பேச்சுவார்த்தைதான். சர்வரில் டாப் ஓட்டி, காப்பியின்போது எஸ்எம்பியைக் கவனிக்கும் எஸ்எம்பிடி என்ற புரோகிராம் ஒரு கோரை 100 சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். என்கிரிப்ஷனோ சைனிங்கோ (ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் போட்டுச் சரிபார்ப்பது) ஆனில் இருந்து, சர்வரின் பிராசசர் பழையதாக இருந்தால் அப்படித்தான் ஆகும். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து புரோ, என்டர்பிரைஸ் போன்றவற்றில் எஸ்எம்பி சைனிங் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, "விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து மெதுவு" என்ற புகாருக்கு இது ஒரு நல்ல சந்தேக நபர். அதை நிறுத்துவது பாதுகாப்பைக் குறைப்பது என்பதால் நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன், சோதனைக்கு ஒரு முறை நிறுத்திப் பார்த்துக் காரணத்தை உறுதிசெய்துகொண்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக, ஃபைல்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான், அங்கே என்கிரிப்ஷனே பிராசசரைத் தின்னும்.

சின்ன ஃபைல்கள் எப்போதுமே வலிதான். ஐம்பதாயிரம் ஃபைல், ஒவ்வொன்றும் 4 கிலோபைட், மொத்தம் 200 மெகாபைட். ஒரே ஃபைலாக இருந்தால் கிகாபிட்டில் இரண்டு நொடிக்குள் போய்விடும். தனித்தனியாகப் போனால் திற, எழுது, நேரத்தைப் பதி, மூடு என்று ஒவ்வொன்றுக்கும் பல முறை போய்வர வேண்டும், ஒரு ஃபைலுக்கு 10 மில்லிநொடி என்றாலும் எட்டு நிமிடத்துக்கு மேல். 10 கிகாபிட் கார்டு வாங்கினாலும் இது பெரிதாகக் குறையாது. அனுப்பும் பக்கம் டார் கொண்டு ஒரே கட்டாகக் கட்டி அனுப்பி, சர்வரில் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் செய்ய வேண்டியிருந்தால் பல ஃபைலை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள், விண்டோஸில் ரோபோகாப்பியில் எம்டி ஆப்ஷன் இருக்கிறது.

ஒரே ஃபோல்டரில் லட்சம் ஃபைலைக் கொட்டி வைத்திருந்தால் லினக்ஸில் எஸ்எம்பியை நடத்தும் சாம்பா இன்னும் திணறும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. புதிதாக ஒரு ஃபைல் உருவாக்கும்போது அந்தப் பெயர் வேறு எழுத்து வடிவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று சாம்பா ஃபோல்டர் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கிறது. துணை ஃபோல்டர்களாகப் பிரித்தாலே பாதி பாரம் குறையும். பிரிக்க முடியாது, பெயர்களும் எல்லாம் ஒரே மாதிரி சின்ன எழுத்தில்தான் இருக்கின்றன என்றால் அந்த ஷேருக்கு மட்டும் கேஸ் சென்சிட்டிவ் செட்டிங்கை ட்ரூ என்று வைக்கலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் படி 1இல் எழுதிய அதே வேலையை, அதே ஃபைலோடு, அதே கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி ஓட்டி எண்ணைக் குறியுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எதுவும் மாறவில்லையென்றால் செய்த மாற்றத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என் சர்வரில் ரூட் ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கிறது: தேதி, ஐபெர்ஃப் எண், எஃப்ஐஓவின் இரண்டு எண்கள், ஒவ்வொரு டிஸ்க்கின் 5, 197, 199. அதன் முதல் வரியில் 11 என்று மட்டும் எழுதி, பக்கத்தில் அந்தக் கேபிளின் நிறத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.